முழங்கால் பூட்டுக்கு ஒரு மில்லிங் மெஷின்

மெஷின் வந்த அன்று இடவப்பாதிப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் சந்துக்குள் லாரி திரும்பவில்லை. ஓட்டுநர் மரப்பெட்டியை முக்கிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். சுமை தூக்கும் சுமட்டுத் தொழிலாளர்கள் வந்து கயிறு போட்டு, கம்பு கொடுத்து, வழுக்கும் சந்தில் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டு தூக்கி வந்தார்கள்.

"எந்தா சாரே இதினகத்து, அம்மிக்கல்லோ?" என்றார் ஒருவர் மலையாளத்தில்.

இரும்பைச் செதுக்குகிற மெஷின் என்றேன். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற மனுஷனுக்கு இரும்பைச் செதுக்கி என்ன ஆகவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. வாசலில் நின்றுகொண்டிருந்த என் அக்கா கேட்டாள்.

"லேய், எனக்காகவா இத வாங்கினே? நான் ஒங்கிட்ட கேட்டனா?"

அவள் கேட்கவில்லைதான். அக்காவுக்குச் சிறு வயதிலேயே போலியோ வந்து வலது கால் சூம்பிவிட்டது. அந்தக் காலுக்கு இரும்புப் பட்டையும் தோல் வாரும் கொண்ட காலிப்பர் போட்டுத்தான் நடப்பாள். முழங்கால் பக்கத்தில் அதில் ஒரு மூட்டு உண்டு. எழுந்து நின்றதும் ஒரு சின்ன இரும்பு வளையம் சரிந்து வந்து மூட்டின்மேல் உட்கார்ந்துகொள்ளும். கால் மடங்காது. உட்காரும்போது விரலால் வளையத்தை மேலே இழுத்துவிட்டால் மடங்கும். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க அந்த வளையத்தை நம்பித்தான் பஸ் ஏறி இறங்கினாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டவள், ஓய்வுக்குப் பிறகு எங்களோடு இருக்கிறாள். பக்கத்துக்கொரு சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் எங்கே வேண்டுமானாலும் தனியாகப் போவாள்.

வளையம் தேய்ந்துவிட்டது. தம்பானூரில் ரயில் ஏறப் போனபோது அது தானாக மேலே நழுவ, பிளாட்பாரத்தில் விழுந்தாள். கை எலும்பு முறியாதது பாக்கியம். காலிப்பர் செய்யும் இடத்தில் கேட்டால், பழையதைத் தொடமாட்டோம், பிளாஸ்டிக்கில் புதிதாகவே செய்துகொள்ளுங்கள் என்றார்கள். "இது என் காலு. காலத் தூரக் களஞ்சிட்டு வேற காலு வாங்கவா?" என்று எழுந்து வந்துவிட்டாள். இரண்டு லேத் பட்டறைகளில் கொடுத்துப் பார்த்தேன். ஒருவர் இவ்வளவு சின்ன வேலை எடுப்பதில்லை என்றார். மற்றவர் செய்து கொடுத்த வளையம் தொளதொளவென்று ஆடியது. அப்புறம்தான் வீடியோக்கள் பார்க்கத் தொடங்கினேன். அவற்றில் எல்லாம் எவ்வளவு எளிதாக இருந்தது! வெண்ணெயை வழிப்பதுபோல் இரும்பை வழித்தார்கள்.

கார் ஷெட்டில் இடம் ஒதுக்கி, பெட்டியைப் பிரித்தேன். மெஷின் என் இடுப்பு உயரம்கூட இல்லை. பின்னால் நட்டுக்குத்தலாக ஒரு இரும்புத் தூண். தூணில் ஏறி இறங்கும் ஒரு தலை. தலையில் சுழலும் வெட்டுக் கத்தி. கீழே முன்னும் பின்னும், இடமும் வலமும் நகரும் மேசை. பிளாஸ்டிக் உறைக்குள் தண்ணீர் கோத்து, மேசையின் ஒரு ஓரம் செம்பட்டையாகத் துருவேறியிருந்தது. புதுச் சட்டையில் காக்கை எச்சம் இட்டதுபோல் மனசு சுருங்கிப்போயிற்று. மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்து வைத்திருந்த இரும்பு ஸ்டாண்டின்மேல் அதை ஏற்றி, நான்கு மூலையிலும் போல்ட் போட்டு, என் பலம் முழுவதையும் கொடுத்து முறுக்கினேன். இறுக்கம்தான் உறுதி என்பது என் எண்ணம்.

சுவிட்சைப் போட்டேன். வீடே அணைந்தது.

உள்ளே என் மனைவி கணினியில் யாருக்கோ வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்துகொண்டிருந்தாள். ஆடிட்டர் ஒருவருக்காக வீட்டிலிருந்தே செய்கிற வேலை. "ஏங்க! பாதி வரைக்கும் வந்தாச்சுங்க!" என்று ஒரு குரல். மெயினைத் தூக்கிவிட்டு மறுபடியும் போட்டேன். மறுபடியும் அணைந்தது.  

எலெக்ட்ரீஷியன் பாறசாலைப் பக்கத்துக்காரர். இன்றைக்கு வருகிறேன் என்பார், மழை என்பார், நாளைக்கு என்பார். ஒருவழியாக வந்து பார்த்துவிட்டு, "சாரே, மெஷினுக்கு ஒரு கொழப்பமும் இல்ல. மோட்டார் கொஞ்சம் கரண்ட எர்த்துக்கு விடும். ஒங்க வீட்டுப் பாதுகாப்பு சுவிட்ச் அதக் கண்டு பேடிச்சு அணஞ்சிருது. தனி லைன் இழுக்கணும்" என்றார். இழுத்தார். சுவரில் பள்ளம் தோண்டியதில் சுண்ணாம்பெல்லாம் துடைத்து வைத்த மேசைமேல் விழுந்தது. மறுபடி துடைத்தேன்.

மெஷின் ஓடியது. மேசையில் இருந்த வைஸ் பிடிக்குள் ஒரு இரும்புத் துண்டைக் கடிக்கவைத்து, வளையத்துக்கான துவாரத்தை மெல்ல மெல்லக் குடைந்தேன். ஒரு பகல் முழுதும் போயிற்று. காலிப்பரின் பட்டையில் மாட்டிப் பார்த்தால், வளையம் பாதி தூரம் போய்ச் சிக்கிக்கொண்டது. திருப்பி மாட்டினால் லகுவாக இறங்கி ஆடியது. துவாரத்தின் சுவர்கள் சாய்ந்திருந்தன. அதாவது கத்தி நேராக நிற்கவில்லை.

இதற்கு ஒரு அளவுமானி உண்டு, டயல் கேஜ் என்பார்கள். கடிகாரம் மாதிரி முகம், மயிரிழை நகர்ந்தாலும் ஆடுகிற முள். கத்தி இருக்கும் இடத்தில் அதை மாட்டி, மேசையைச் சுற்றி வரவைத்தால் சாய்வு தெரியும். தெரிந்தது. தூணின் அடியில் இருக்கும் திருகுகளைத் தளர்த்தி, மெல்லிய தகடு செருகி, இறுக்கி, மறுபடி பார்த்தேன். நேராகிவிட்டது. காப்பி குடித்துவிட்டு வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்டாண்டு போல்ட்டுகளை இன்னொரு சுற்று முறுக்கிவிட்டுப் பார்த்தால், மறுபடியும் சாய்ந்திருந்தது. தகட்டை மாற்றினேன். அதே கதை. சாலைக் கடைத்தெருவில் அலைந்து விதவிதமான பித்தளைத் தகடுகள் வாங்கி வந்தேன். எதை வைத்தாலும் அன்றைக்கு நேர், மறுநாள் கோணல். மெஷினை விற்றவர்களிடம் போனில் கேட்டால், "மேனுவல் பாருங்க சார்" என்றார்கள். மேனுவலில் தூணை நேராக்கும் பக்கத்தில் ஒரு படம் இருந்தது, விளக்கம் சீன மொழியில் இருந்தது.

நாகர்கோவிலில் சித்தப்பா பேத்தியின் கல்யாணம் வந்தது. அதற்குள் வளையம் தயாராகிவிடும் என்று நானே வாக்குக் கொடுத்திருந்தேன். தயாராகவில்லை. அக்கா பழைய வளையத்தின் மேல் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தாள். மண்டபத்தில் அவள் ஒவ்வொரு முறை எழும்போதும் நான் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து பாதி எழுந்தேன். கடைசியில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "நீ இப்படி எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தா ஊருக்கே தெரியும்லா. பேசாம எலையப் பாத்துச் சாப்பிடு" என்றாள். இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

திரும்பி வந்ததும் முடிவு செய்தேன். வித்துராவில் ஒருவர் மர வேலைக்குச் சின்ன மெஷின் தேடுவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். போன் செய்தேன். எடுத்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது, உடனே வெறுப்பாகவும் இருந்தது. படித்தவன், கணக்குப் பார்த்தே வாழ்ந்தவன், ஒரு இரும்பை நேராக நிறுத்த முடியவில்லை. மனைவியிடம் சொன்னேன். "மைனிகிட்டே நீங்களே சொல்லிருங்க" என்று மட்டும் சொன்னாள்.

அக்காவிடம் சொல்லும் முன்பே மெஷினைக் கழற்றப் போனேன். மாட்டியிருந்த டயல் கேஜைக்கூட எடுக்கவில்லை, அவ்வளவு எரிச்சல். ஸ்டாண்டின் முன்பக்க போல்ட்டில் ஸ்பானரைப் போட்டு ஒரு உந்து உந்தினேன். போல்ட் டக்கென்று தளர்ந்தது. கேஜின் முள் ஆடியது.

அப்படியே நின்றேன். மறுபடி இறுக்கினேன். முள் ஒரு பக்கம் போயிற்று. தளர்த்தினேன். திரும்பி வந்தது. ஒரு இரும்புப் பட்டையைக் கொண்டுவந்து ஸ்டாண்டின் மேல்தகட்டில் வைத்துப் பார்த்தேன். அடியில் வெளிச்சம் தெரிந்தது. வெல்டிங் சூட்டில் தகடு வளைந்திருக்கிறது. நான் இறுக்க இறுக்க அந்த வளைவு மெஷினையும் சேர்த்து முறுக்கியிருக்கிறது. இத்தனை நாளும் என் பலத்தால் நானே அதைக் கோணலாக்கிக்கொண்டிருந்தேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். எனக்கோ ஸ்பானரைத் தூக்கி எறியவேண்டும் போல இருந்தது. எறிந்தேன். அது கேட்டில் பட்டு, பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

இடைவெளி இருந்த இடத்தில் மெஷினின் மூலைக்கடியில் தகடு நறுக்கி வைத்து, போல்ட்டுகளை ஆடாத அளவுக்கு மட்டும் இறுக்கினேன். பிறகு தூணை நேராக்கினேன். மறுநாள் பார்த்தேன், நேராகவே இருந்தது. வித்துராக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபமாகப் போனை வைத்துவிட்டார்.

அடுத்த வளையமும் வீணாயிற்று, அது முழுக்க என் அவசரம். அதற்கடுத்தது பட்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கி, மூட்டின்மேல் சொட் என்று உட்கார்ந்தது. அக்கா எழுந்து நின்றாள். காலை அழுத்திப் பார்த்தாள். கேட் வரை போய்த் திரும்பி வந்தாள். 

"கொள்ளாம், நல்லாருக்கு," என்றாள். "ஆனா ஓரமெல்லாம் கையக் கிழிக்குது. சேலையும் மாட்டும்."

அரம் வைத்து மழுக்கித் தருகிறேன், கழற்று என்றேன். அரத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. போனையும் எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டாள். மத்தியானம் வரை கேட்டைப் பார்த்துக்கொண்டு கார் ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தேன், ஒரு வேலையும் ஓடவில்லை. வந்து இறங்கினாள். பையில் முருங்கைக்காயும் வெள்ளரிக்காயும் இருந்தன. சேலையின் முழங்கால் பக்கம் நூல் இழுத்துக் கிடந்தது.

"இனி மழுக்கித் தா," என்று நாற்காலியில் உட்கார்ந்து, வளையத்தை மேலே தூக்கிக் காலை மடக்கினாள்.