சுண்ணாம்பு பூசிய முட்டி

குடித்தவனின் நினைவு நம்பத்தக்கதன்று. ஆதலால் என் மனைவியும் உறுதிப்படுத்தியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

மானிப்பாயில் ஆசிரியனாயிருந்தேன். காலையிற் கள்ளருந்தாவிடின் கரும்பலகையில் எழுதக் கை நடுங்கும்; அருந்தினால் வேலை போகும் நிலை. வைத்தியரிடம் ஆலோசனை கேட்டேன். "விட்டுவிடும்" என்றார், விடும் வழியைக் கூறவில்லை. ஆகவே, எனக்குக் கள் இறக்கித்தரும் வேலனிடமே மனைவியுடன் சென்று கேட்டேன்.

"வைத்தியரையும் பாத்துப்போட்டு என்னட்டையோ வந்தனீங்கள், வாத்தியார்?" என்று அவர் சிரித்தார். "வாற நேரத்தை மாத்தாதேங்கோ. நாளையிலயிருந்து உங்கடை முட்டிக்குச் சுண்ணாம்பு பூசிறன்."

பனையிற் கட்டும் மண்கலயமாகிய முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசினால், அதில் வடியும் பனஞ்சாறு புளித்துக் கள்ளாகாது. இனிய கருப்பநீராகவே இருக்கும்.

"கள்ளு விக்கிறதெல்லோ உம்மடை பிழைப்பு?" என்றாள் மனைவி.

"ஓம் அம்மா. ஆனா வெறியிலை இவர் மரத்தடியிலை நிண்டு எனக்கு இலக்கணம் படிப்பிக்கிறார். அதைக் கேக்கிறதிலும் பாக்க இது சுகம்."

மறுநாள் அவர் பனையோலைப் பிளாவில் வார்த்த கருப்பநீரை ஏந்தினேன். கை நடுங்கிப் பாதி சிந்திற்று. அவர் பிளாவை மீண்டும் நிரப்பித் தந்தார். இவரிடம் நாளையும் வரலாம் என்ற துணிவு அக்கணமே பிறந்தது. கள்ளுப் பருவம் முடியுமுன் என் நடுக்கம் நின்றது, வேலையும் போகவில்லை. குடியை விட இயலும் என்று இன்று தயங்காமற் சொல்வேன்.

அம்மரத்துக் கள்ளை இழந்து அவர் குடும்பம் அப்பருவத்தை எவ்வாறு கழித்தது என்பதை நான் கேட்கவில்லை. இன்றும் அதை அறியேன்.