மஞ்சள் தாளைக் கழற்றிய ஒரு மணி நேரம்

பொன்னுத்தாயிக்குப் பயம் கூடப் பிறந்தது. லிஃப்டில் ஏற மாட்டாள். செல்போன் அடித்தால் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுத்தான் எடுப்பாள். மானகிரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து காரைக்குடியில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தைக் கூட்டித் துடைக்கிறாள். ஒன்பது வருடமாக ஒப்பந்த வேலை. அதற்கு முன்பு நேமத்தான்பட்டியில் ஒரு பெரிய வீட்டில் இருந்தாள். துடைக்கும்போது நிலைக்கண்ணாடியில் கீறல் விழுந்ததும் தானாகப் போய்ச் சொன்னாள்; அன்று மாலையே நிறுத்திவிட்டார்கள். உண்மைக்கு என்ன மரியாதை என்று அன்றைக்கே தெரிந்துகொண்டாள்.

கூடத்தில் ஒரு மஞ்சள் அறை உண்டு. விளக்கும் மஞ்சள், ஜன்னலில் ஒட்டிய தாளும் மஞ்சள். உள்ளங்கை அகலச் சிலிக்கான் தட்டில் தேன் மாதிரி இருக்கும் ரெசிஸ்ட் என்ற பசையைத் தடிமனாக ஊற்றிக் காயவைத்து, அச்சுக் கண்ணாடி வழியாகப் புறஊதா விளக்கைக் காட்டுவார்கள். ஒளி பட்ட இடம் இறுகும். படாத இடம் கழுவினால் கரைந்து போகும். வெயிலிலும் புறஊதா உண்டு; மஞ்சள் தாள் அதைத் தடுக்கும். கூட்டுகிறவளிடம் இதையெல்லாம் யார் சொல்லப்போகிறார்கள்?

ஆயுத பூஜைக்கு முந்திய நாள், டெக்னீஷியன் ரேணுகா பொரி வாங்கப் போயிருந்தாள். அழுக்கேறிய ஜன்னல் தாளைப் பொன்னுத்தாயி கழற்றி, சோப்புப் போட்டு அலசி, வெளியே காயப்போட்டாள். சாயங்கால வெயில் மேஜைவரை வந்தது. அந்த வெளிச்சத்தில் எல்லா மெஷினையும் துடைத்துத் திருநீறு பூசினாள். மேஜையில் ரெசிஸ்ட் ஊற்றிய ஒரு தட்டைக் கண்ணாடி மூடி போட்டு வைத்திருந்தார்கள். அதை மட்டும் விடுவானேன் என்று மூடியின் மேலும் மூன்று விரலால் ஒரு பட்டை இழுத்தாள். ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மறுபடி ஒட்டினாள்.

ரேணுகா வந்ததும் மூடியைத் துடைத்தாள்.

"ஏக்கா, இதுக்குமா திருநீறு பூசுவீக? நல்ல வேளை, ஜன்னத் தாளைத் தொடாம விட்டீக. வெயிலு பட்டா உதயகுமாரு தட்டு அம்புட்டும் இறுகிப்போகும். ஆறு மாசமா அந்தப் புள்ள இதுக்குத்தான் பாடுபடுது. கழட்டலையில்ல?"

பொன்னுத்தாயி ஜன்னல் பக்கம் திரும்பாமல் வாளியை எடுத்தாள்.

"இல்லத்தா," என்றாள்.

விடுமுறை இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. வேலை போனால் கல்லலில் மகள் தேவிகா வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டும். மருமகன் முகம் கண்ணெதிரே வந்தது.

மூன்றாம் நாள் ஆராய்ச்சி மாணவன் உதயகுமார் தட்டை விளக்கடியில் வைத்தான்; ரேணுகா விளக்குக்கு நேரம் வைத்தாள். பிறகு அவன் சூடேற்றினான், கழுவும் திரவத்தில் இறக்கினான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே துடைப்பத்தோடு பொன்னுத்தாயி நின்றாள். எல்லாம் கரைந்து ஊசி ஊசியாகத் தூண்கள் மட்டும் நிற்கவேண்டும். இருபது நிமிடமாகியும் ஒன்றும் கரையவில்லை. பிறகு தட்டின் குறுக்கே மூன்று கோடுகள் மட்டும் கரைந்து பள்ளமாகி, அவற்றுக்குள் தூண்கள் தெரிந்தன.

"ரேணுகாக்கா, டைம் கூட வச்சுட்டீகளா? இல்ல, மெஷினே போச்சா?" என்றான்.

ரேணுகா கோடுகளைப் பார்த்தாள். கதவுக்கு வெளியே பொன்னுத்தாயியின் நெற்றிப் பட்டையைப் பார்த்தாள்.

"நாந்தான் கூட வச்சுட்டேன் போல," என்றாள்.

தப்பித்தோம் என்றுதான் பொன்னுத்தாயி முதலில் நினைத்தாள். அடுத்த கணமே வெட்கம் பிடுங்கித் தின்றது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள். கையைத் தட்டுக்கு மேலாக நீட்டினாள். மூன்று விரலும் மூன்று கோட்டுக்கும் அளவாக இருந்தன.

"தாளைக் கழட்டுனது நாந்தான் தம்பி. ஒரு மணி நேரம் வெயிலு விழுந்துச்சு. மூடியில நான் பூசுன திருநீறு மறைச்ச எடந்தான் இது. ரேணுகா மேல தப்பில்ல."

உதயகுமார் விரல்களையே பார்த்தான்.

"அப்ப மெஷினு நல்லாத்தான் இருக்கா?" என்று ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தான். "மெஷினு போச்சுன்னா ஆறு மாசமும் போச்சேன்னு பயந்துட்டேன்க்கா. தட்டுதானே, வேற ஊத்திக்கலாம்."

பொன்னுத்தாயிக்கு அது காதில் ஏறவேயில்லை. நீட்டிய கை நீட்டியபடியே நின்றாள்.

"நாளைக்கு நான் வேலைக்கு வரட்டா தம்பி, வேணாமா?"