மூன்றாம் தொட்டி

“ஒயினை வாயில வச்சே அறியாத பிள்ள. நல்லது கெட்டது எப்பிடிம்மா சொல்லுவ?”

ஒயின் ஆலையின் ஆய்வகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மேனேஜர் கேட்டார்.

“தெனமும் குடிக்கிறவுக மட்டும் சரியாச் சொல்லிருவாகளா சார்?” என்றேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அதிலும் வேதியியல் பட்டம். வாய் சும்மா இருக்காது.

ஏழு மாதம் கழித்து அதே வாய் உலர்ந்துபோயிற்று.

மூன்றாம் தொட்டியில் இருந்தது இனிப்பு ஒயின், சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சமாகக் குடிப்பது. பன்னீர் திராட்சைச் சாறு பாதி நொதிக்கும்போதே குளிரவைத்து நிறுத்தியிருந்தோம். ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அத்தனையும் அப்பாவின் தோட்டத்துப் பழம். நான் சொல்லித்தான் எடுத்தார்கள். ஒயின் தேறாவிட்டால் இனி எங்கள் பழம் ஆலை வாசலைத் தாண்டாது.

வெள்ளைத் தாளுக்கு முன்னால் கிளாஸைப் பிடித்தேன். நல்ல நிறம். சுழற்றி முகர்ந்தேன். அழுகிய முட்டை. ஒரு மிடறை நாக்கில் உருட்டித் துப்பினேன். இனிப்பும் அதைத் தாங்கும் புளிப்பும் சரியாகவே இருந்தன. நாற்றம்தான் எல்லாவற்றையும் தின்றது.

அப்பாவுக்குப் போன் போட்டேன்.

“வெட்டுக்கு முன்ன சல்பர் அடிச்சீகளாப்பா?”

“ஒரே ஒரு தடவ, ஆத்தா. வெட்டுக்கு நாலு நா முன்ன. சாம்பல் நோய் விழுந்தா ஏவாரிக திராட்சக் கொலையத் தூக்கிப் பாத்துட்டு வாங்காமப் போயிருவாகள்ல.”

“இங்கன யாருப்பா கொலையப் பாக்குறா? பிழியத்தான செய்றோம்!”

பழத்தில் ஒட்டிய கந்தகம் நொதிக்கும்போது இப்படித்தான் நாறும். வேண்டாம் என்று அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே சொல்லியிருந்தேன்.

செம்பு அந்த நாற்றத்தை எடுக்கும் என்று படித்திருக்கிறேன். சனி அண்டாமலிருக்க அம்மா குச்சனூர் கோயிலில் வாங்கி மாட்டிவிட்ட செப்பு மோதிரத்தைக் கழற்றித் தேய்த்துக் கழுவி கிளாஸில் போட்டுக் கலக்கினேன். முட்டை வாடை போயிற்று. சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. மறுபடி முகர்ந்தேன். அடியிலிருந்து அழுகிய வெங்காயம் எழுந்து வந்தது. அது செம்புக்கு அடங்காத வாடை. வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். வெங்காயம். புதுக் கிளாஸ் ஊற்றினேன். வெங்காயம். என் மூக்கு பொய் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஆறாவது முறை முகர்ந்தேன்.

மேனேஜர் கைக்குட்டையோடு வந்தார். சளி பிடித்து அவருக்கு மூக்கு அடைத்திருந்தது.

“எனக்கு ஒரு வாடையும் தெரியலம்மா. நீ சரின்னு எழுதுனா பாட்டில்ல அடைச்சிரலாம்.”

‘சரி’ என்று ஒரே ஒரு சொல். ஏனென்று கேட்க ஆளில்லை. பேனாவைப் பிடித்த விரலில் மோதிரம் இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

‘தேறாது. அறுவடைக்கு முன் கந்தகம் தெளிக்கப்பட்ட பழம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் அறை மேசையில் வைத்தேன்.

அவர் அதைப் படித்து முடிக்கும்போது நான், அப்பா முகர்ந்து பார்ப்பதற்காக அந்த ஒயினில் ஒரு சிறு புட்டியைப் பையில் வைத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு, கூடலூர் பஸ்ஸில் ஏறியிருந்தேன்.