மழைக்கு முன் பூத்த செடி

இலை வெள்ளி ஜரிகையாய் மின்னியதால்தான் அந்தச் செடியை வாங்கினேன். "வெயில்ல வைம்மா, தண்ணி கம்மியா ஊத்து. மழைக்கு முன்னாடி பூக்கும்" என்றார் நர்சரிக்காரர். நான் கேட்டால்தானே! தறியில் ஏற்றுமுன் பட்டு நூல் பாவுக்குத் தடவி மிஞ்சிய கஞ்சியையெல்லாம் சத்து என்று அதற்கே ஊற்றினேன். இலை கொட்டிப் போனது. செத்துவிட்டதென்று மொட்டை மாடியில் போட்டு மறந்தேன்.

ஒரு நாள் காலையில் துணி காயப்போட ஏறினால், செடி முழுக்க ஊதாப் பூ! கீழே எங்கள் பிள்ளையார்பாளையம் தெருவில் என் கணவரும் அக்கம்பக்கத்தாரும் பாவு நீட்டிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். மழை பட்டால் அவ்வளவு பட்டும் பாழ்.

"ஏங்க, பாவைச் சுருட்டுங்க! மழை வரப்போவுது!"

"இன்னாடி சொல்ற? வானம் வெளுத்துக்கினு இருக்குது!"

"செடி பூத்துக்கினு நிக்குதுங்க!"

தெருவே சிரித்தது. நான் கீழே ஓடிவந்து பாவின் ஒரு முனையை அவிழ்த்தேவிட்டேன். வேறு வழியில்லாமல், என்னைத் திட்டிக்கொண்டே எல்லோரும் சுருட்டினார்கள். சுருளை வீட்டுக்குள் தூக்கி வைத்ததுதான் தாமதம், சடசடவென்று கொட்டியது மழை. வாசலில் நனைந்துகொண்டே குதித்தேன்.

இப்போதெல்லாம் பாவு நீட்டுமுன் தெருவே என் மாடியை அண்ணாந்து பார்க்கிறது. "நல்லா வளத்திருக்கீங்கக்கா" என்கிறார்கள். நானும் தலையாட்டிக்கொள்கிறேன். அந்தச் செடிக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம், அதை மறந்துபோனதுதான்.