பிள்ளைகளைக் கீழே விட்டுவிட்டுப் போனவர்

சுரங்கச்செல்வன் இறந்துவிட்டார் என்ற செய்தி எனக்கு ரயில் பயணிகளின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கர்நாடகத்துக் கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்திலிருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், வண்டி தாமதமா என்று விசாரித்துக்கொள்ளும் குழு அது. செய்திக்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்து விழுந்தன. அதே குழுவில் அவர் ஆண்டுக்கணக்காகத் தன் நாவல்களின் அட்டைப் படங்களைப் போட்டுவந்தார். அப்போது ஒரு கைகூட எழுந்ததில்லை. ஆண்டர்சன்பேட்டையில் நடந்த இரங்கல் கூட்டத்தில் அவரைச் சிறுவர் இலக்கியத்தின் இமயம் என்றார்கள். அவருடைய நாவல் ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள் என்று யாரும் கேட்காததால் கூட்டம் சுமுகமாக முடிந்தது. நான் எல்லா நாவல்களையும் படித்தவன். பிழை திருத்திக் கொடுத்தவன் என்பதால் தப்ப வழியில்லை.

அவர் இயற்பெயர் தேவசகாயம். மின் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அப்பா வாழ்நாளெல்லாம் சுரங்கத்துக்குள் இறங்கினார்; மகன் அந்தச் சிரமத்தைத் தன் கதாபாத்திரங்களிடம் ஒப்படைத்தார். எல்லா நாவல்களிலும் அதே மூன்று பிள்ளைகள், ஒரு நாய், கன்னத்தில் தழும்புள்ள ஒரு கடத்தல்காரன். கடத்தல்காரன் எப்போதும் பெங்களூர்க்காரன். நாய் எப்போதும் உள்ளூர். பிள்ளைகள் மூடிக்கிடக்கும் சுரங்க ஷாஃப்டுக்குள் இறங்குவார்கள், தங்கம் கிடைக்கும், அதை அப்படியே போலீசில் ஒப்படைப்பார்கள். இந்தக் கடைசிப் பகுதிதான் நம்பக் கடினமானது. அவர் வாக்கியங்களில் வினைச்சொல் இல்லாமல் போனதுண்டு; வியப்புக்குறி இல்லாமல் போனதில்லை. ஒரு நாவலில் நாய் தமிழ்ப் பலகையைப் படித்து வழி காட்டுகிறது.

"நாய் எப்படி அண்ணா படிக்கும்?" என்று கேட்டேன்.

"இன்னா நீ, நாயி கயித்தப் புடிச்சி எறங்குனத நம்புற, படிச்சத நம்ப மாட்டியா?" என்றார்.

எழுதியதைவிட விற்றதில்தான் அவர் அதிக உழைப்பைக் காட்டினார். மஞ்சள் ஹெல்மெட்டில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போவார். முன்பு சுரங்கத்தில் ஷிஃப்ட் மாறும்போது ஊதிய சங்கை, பிரார்த்தனைக் கூட்டத்தில் வாயாலேயே ஊதிக் காட்டுவார். பிள்ளைகள் அதை ஆம்புலன்ஸ் என்று நினைத்துக் கைதட்டுவார்கள். ஒரு முறை புத்தகக் கட்டைத் தூக்க என்னையும் அழைத்துப் போனார். முன்வரிசையில் ஒரு பையனை எழுப்பி முதல் பக்கத்தை வாசிக்கச் சொன்னார். பையன் புத்தகத்தை வாங்கினான், நாயின் படத்தைப் பார்த்தான், திருப்பிக் கொடுத்தான்.

"தமிழ் பேசுவேன் சார். படிக்க வராது. கன்னடா, இங்கிலீஷ் வரும்."

அடுத்த பையனுக்கும் வராது. அதற்கடுத்த பெண்ணுக்கும் வராது. "இங்க யாருக்குமே வராது சார்" என்று தலைமையாசிரியை சற்றுப் பெருமையோடு சொன்னார். ஹெல்மெட்டில் டார்ச் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

வெளியே வந்ததும், அட்டையில் உள்ள 'ஒன்பது முதல் பன்னிரண்டு வயதினருக்கு' என்ற வரியை எடுத்துவிடலாமே என்றேன். இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் மூட்டுவலி வந்துவிட்டது என்பதையும் எடுத்துச் சொன்னேன்.

"பெரியவங்களுக்கு எழுதத்தான் நீ கீறியே. உன்ன யாரு படிக்கிறா?" என்றார்.

நியாயமான கேள்வி என்பதால் புத்தகக் கட்டை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டேன். வெகுதூரம் நடந்த பிறகு அவரே சொன்னார்: "ஒரு புள்ள போதும்டா. என் கதையில மாட்டிக்கினு, அம்மா சோத்துக்குக் கூப்பிட்டாகூட காதுல விழாம, ஒரே ஒரு புள்ள." இதற்காக ஒரு மனிதர் தன் ஓய்வூதியத்தை அச்சகத்தில் கொண்டுபோய்க் கொட்டுவது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம் என்று அன்று நினைத்தேன். அந்தக் கருத்தை மாற்றிக்கொள்ள இன்றும் காரணம் தென்படவில்லை.

அவரை உண்மையில் படித்தவர்கள் காலை வண்டியில் போகும் அப்பாக்கள். ஒருவர் ஒரு பிரதி வாங்குவார். ஒரு பெட்டியே படித்துவிடும். கண்ணாடி போட்ட ஒருவர் உரக்க வாசிப்பார். செக்யூரிட்டி வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போகும் ஆண்கள் சீட்டுக்கட்டை மூடிவைத்துவிட்டு வாய்பிளந்து உட்கார்ந்திருப்பார்கள். பங்காரப்பேட்டையில் ஏறுகிறவர், "இன்னாபா, பசங்க மேல வந்துட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஏறுவார். முதியோர் கல்வி மீது எனக்கிருந்த நம்பிக்கை அந்தப் பெட்டியில்தான் போனது.

இது அவருக்கும் தெரியும். "தடிப்பசங்க படிக்கிறானுங்க" என்று அலுத்துக்கொள்வார். பிறகு ஒருநாள் நாங்கள் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துப் பெஞ்சில் ஒரு சிறுமி தன் தம்பிக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று பிள்ளைகள், ஒரு நாய், ஒரு தழும்பு. இவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்போ கயிறு அறுந்து போச்சு" என்றாள் அவள்.

"அறுந்து போகலையேம்மா" என்றார் இவர்.

"அறுந்துச்சு. எங்கப்பா சொன்னாரு."

"இல்லம்மா, நாயி கவ்விப் புடிச்சிக்கும்."

"உங்களுக்குக் கதையே தெரியல தாத்தா. சும்மா இருங்க."

கடைக்குள்ளிருந்து அவள் அம்மா கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். பெஞ்சில் யாருக்கும் காதில் விழவில்லை. தன் கதை தனக்கே தெரியாது என்று சொல்லப்பட்ட எழுத்தாளர் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். என் புத்தகத்தை யாராவது இப்படித் திருத்தினால் நான் வழக்குப் போடுவேன்.

அதன் பிறகு அவர் அச்சுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு அத்தியாயத்தையும் எழுதியவுடன் ஜெராக்ஸ் எடுத்துக் கண்ணாடிக்காரரிடம் கொடுத்துவிடுவார். கடைசியாகக் கொடுத்ததில், ஆட்களை இறக்கும் கேஜ் பாதி வழியில் நின்றுவிடுகிறது. மூன்று பிள்ளைகளும் உள்ளே. விளக்கு அணைகிறது. அந்த இடத்தில் ஆசிரியர் மாரடைப்பால் காலமானார். வாசகரைக் காக்கவைக்கும் உத்தியை இவ்வளவு தூரம் கொண்டுபோனவர் தமிழில் வேறு யாரும் இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் கண்ணாடிக்காரர் வண்டியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், வீட்ல புள்ள கேட்டுக்கினே கீது, மேல வந்துட்டாங்களா, வந்துட்டாங்களான்னு. நீங்களும் எழுதுறவருதான? ஒரு வழி பண்ணுங்க."

எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய சிறந்த பக்கங்கள் அவை. இருட்டைப் பற்றித் தமிழில் அதற்குமேல் சொல்ல அதிகம் இல்லை. கண்ணாடிக்காரர் உரக்க வாசித்தார். பெட்டி மரியாதையாகக் கேட்டது.

"நல்லா கீது சார்" என்றார் கடைசியில். "ஆனா பசங்க யோசிச்சிக்கினே கீறாங்க. மேலயே வரல."

"நாயி எங்க போச்சு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

அன்று மாலை அப்பாக்கள் அவரவர் வீட்டில் அவரவருக்குத் தெரிந்தபடி பிள்ளைகளை மேலே ஏற்றிவிட்டார்கள். ஒரு வீட்டில் நாய் இழுத்ததாம். இன்னொரு வீட்டில் கடத்தல்காரனே மனம் திருந்திக் கயிறு போட்டானாம். ஒருவர் தீயணைப்பு வண்டியை வரவழைத்திருக்கிறார்.

தேவசகாயம் அண்ணன் மோசமாக எழுதினார். இதுவரை படித்த உங்களுக்கு அதில் ஐயம் இருக்க நியாயமில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது கேஜில் மாட்டிய அந்த மூன்று பிள்ளைகள்தான். எல்லா வீட்டிலும் அவர்கள் மேலே வந்துவிட்டார்கள். என் மேசையில் மட்டும் இன்னும் கீழே இருக்கிறார்கள். இத்தனை வருடம் எழுதியும் என் கதாபாத்திரங்களில் ஒருவருக்குப் பசிக்கும் என்று எனக்குத் தோன்றியதில்லை. இப்போது தோன்றுகிறது. அவருடைய கடைசி அத்தியாயத்தை எத்தனையோ முறை புரட்டிப் பார்த்துவிட்டேன், ஒரு டிபன் டப்பாகூட இல்லை. சாப்பாடு கட்டிக்கொடுக்காமல் யாராவது பிள்ளைகளைக் கீழே இறக்குவார்களா?