பதினாலு விலக்கும் ஒரு சம்பந்தியும்

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் கோவில்பட்டி ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் வயர் இழுத்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். 'நெட்வொர்க் என்ஜினியர்' என்று கார்டு அடித்து வைத்திருந்தேன். என் வீட்டிலேயே யாரும் அதை நம்பவில்லை. புத்தகம் நிறையப் படித்ததில் ஒரு லாபம் உண்டு: எந்தச் சோம்பேறித்தனத்துக்கும் ஒரு தத்துவம் கைவசம் இருக்கும்.

ஒரு தீப்பெட்டிக் கம்பெனி ஆபீஸில் பதினாறு போர்ட் ஸ்விட்ச் மாட்டினேன். எல்லா மேஜையிலிருந்தும் வயர்கள் வந்து சேர்கிற பெட்டி அது; வயர் செருகுகிற ஒவ்வொரு துளையும் ஒரு போர்ட். ஒவ்வொரு போர்ட்டுக்கும் வேகம், அனுமதி என்று தனித்தனியாக எழுதினால் விரல் தேய்ந்துவிடும். அதற்காகவே ஒரு வசதி வைத்திருந்தார்கள். அமைப்புகளை ஒருமுறை எழுதி ஒரு பேர் வைத்துவிட்டால், போர்ட்டுகளிடம் 'அதைப் பார்த்து நடந்துகொள்' என்று சொன்னால் போதும். யாருக்காவது மாற்றம் வேண்டுமா? அவர் போர்ட்டின் கீழ் ஒரு தனி வரி. தனி வரிக்கு முன்னால் பொது அமைப்பு வாயைத் திறக்காது. நான் 'பொது' என்றே பேர் வைத்து, மேஜைக்குப் போகிற பதினைந்து போர்ட்டையும் அதன் பின்னால் வரிசையில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

முதலாளி அண்ணாச்சிக்கு இதைப் புரிய வைக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "ஒரே குச்சி, ஒரே மருந்து. ஊருக்கு ஊரு லேபிள் மட்டும் வேற. அதான தம்பி?" என்றார். நான் படித்த எந்தக் கையேடும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

விளங்கிய கையோடு ரகசியமாக ஒரு வேலையும் கொடுத்தார். கணக்கு பார்க்கிறவர் அவருடைய அக்கா வீட்டுக்காரர். காலையில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரை இன்டர்நெட்டில் சீட்டாட்டம். அதை எப்படியாவது நொண்ட வைக்க வேண்டும். ஆனால் வருகிற தையில் அண்ணாச்சி மகனுக்கும் அந்த அத்தான் மகளுக்கும் கல்யாணம்.

"அவிய லைன்ல மட்டும் கை வச்சோம்னு தெரிஞ்சா கல்யாணம் நின்னுரும். அவிய பேருக்கு நேரா ஒரு வரிகூட இருக்கப்படாது" என்றார்.

என் மூளை அன்று அபாரமாக வேலை செய்தது. ஆமை வேகத்தைப் 'பொது'விலேயே எழுதினேன். மற்ற பதினாலு பேருக்கும் அவரவர் போர்ட்டின் கீழ் பழைய வேகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அத்தானின் பதினொன்றாம் போர்ட் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி சுத்தம். ஒரு தடவை எழுதினால் போதும் என்பதற்காகக் கண்டுபிடித்த வசதியை வைத்துக்கொண்டு பதினாலு தடவை எழுதியவன் உலகத்திலேயே நானாகத்தான் இருக்கும். மறந்துவிடுமே என்று அதைப் பிரின்ட் எடுத்து, போர்ட் வாரியாக மேஜைக்காரர் பேரையும் எழுதி, ஸ்விட்ச் இருக்கும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். எவ்வளவு அழகாக ஒட்டினேன் தெரியுமா, நாலு மூலையிலும் டேப்.

அத்தான் இரண்டு நாள் பொறுத்தார். பிறகு கம்ப்யூட்டர் சரியில்லை என்று முடிவு செய்து, லோடு அனுப்பும் வேலை பார்த்த அம்மாவை எழுப்பித் தன் இடத்தில் உட்கார வைத்துவிட்டு, அவர் இடத்தில் போய் சீட்டைக் கலைத்தார். முதலாளிக்குச் சம்பந்தியாகப் போகிறவரிடம் அந்த அம்மா என்ன சொல்ல முடியும்? வாசலில் வடக்கே போகிற லாரி லோடோடு நிற்கிறது. செக்போஸ்டில் காட்ட வேண்டிய காகிதம் மெயிலில் வர வேண்டும். அது பதினொன்றாம் போர்ட்டில் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. டிரைவர் லாரிக்கு அடியில் துண்டை விரித்துத் தூங்கி எழுந்து, மறுபடியும் தூங்கினார்.

அண்ணாச்சி ஆள் அனுப்பினார். நான் ஓடிப்போய் வயரில் கோளாறு என்று ஆரம்பித்தேன். அதற்குள் அத்தான் எழுந்து போய் அலமாரியைத் திறந்துவிட்டார். கணக்குப்பிள்ளைக் கண் அது. காகிதத்தின் மேல் விரலை வைத்துக் கடைசி வரி வரை இறக்கினார். அண்ணாச்சி முகத்தில் ரத்தமே இல்லை. அவர் என்னைப் பார்க்க, நான் மேலே சுழன்ற காற்றாடியைப் பார்த்தேன்.

"மாப்ளே, எல்லாத்துக்கும் விலக்கு போட்டிருக்கு. விலக்கு இல்லாதவன் நான் ஒருத்தன்தான்" என்றார் அத்தான்.

அத்தான் என் பக்கம் திரும்பினார்.

"என் ஒருத்தனுக்காகப் பதினாலு பேருக்கு எழுதினீரா வே? என் பேருக்கு நேரா ஒத்த வரி எழுதியிருந்தா இந்தக் காகிதமே ஒட்டியிருக்க மாட்டீரு, எனக்குத் தெரிஞ்சே இருக்காதே."

உண்மைதான். பதினாலு வரி இருக்கிற இடத்தில் ஒரு வெற்றிடம், பொக்கைப் பல் மாதிரி, சிரித்துக்கொண்டு நின்றது.

பிறகு அவர் அந்த அம்மாவின் நாற்காலியை அவரிடமே தள்ளிவிட்டார். காகிதம் வந்தது, லாரி கிளம்பியது. அண்ணாச்சி மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் கையமர்த்தி, "என் மனசு கோணிரக் கூடாதுன்னு இம்புட்டுப் பாடுபட்ட வீட்டுக்கு எம்பொண்ணு தைரியமாப் போவலாம்" என்றார். மூச்சு விடாமல் அடுத்த வாக்கியத்தில், சீட்டாட்டத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு மேல் நீட்டுவதில்லை என்று தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். அது எத்தனை நாள் நின்றது என்று நான் விசாரிக்கவில்லை.

நான் பதினாலு வரியையும் அழித்துவிட்டு, பொதுவில் வேகம் என்கிற ஒரே ஒரு எண்ணைப் பழையபடி மாற்றினேன்.

கல்யாணப் பத்திரிகை ஆபீஸ் முழுமைக்கும் சேர்த்து நோட்டீஸ் போர்டில் ஒன்று ஒட்டினார்கள். எனக்கு மட்டும் அத்தானே தட்டில் வெற்றிலை பாக்கோடு கொண்டுவந்தார். "அது பொது. இது உமக்குத் தனி வரி" என்றார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.