பனங்கொட்டைக்கு ரேபிஸ் என்று பேர் வைத்த நாள்

கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருந்தபோது என் வேலை, கடைசி வருஷப் பிள்ளைகளை வேனில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் மாட்டைத் தொட வைப்பது. சிரிக்காதீர்கள், அதுதான் ஆகக் கஷ்டமான வேலை. ஸ்கேன் மெஷினைத் தொடுவார்கள், போனைத் தொடுவார்கள். மாட்டைத் தொடச் சொன்னால் மட்டும் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்ப்பான்.

நான் ரிட்டயர் ஆவதற்கு முந்தின வருஷம், பனம்பழம் விழுகிற ஆவணி மாசம். ஆத்தூர் தாண்டித் திருச்செந்தூர் போகிற வழியில் ஒரு ஊரிலிருந்து போன். செல்வக்கனி என்பவளின் கறவை மாடு காலையிலிருந்து எச்சில் ஒழுக்கிக்கொண்டு நிற்கிறதாம். புருஷன் இல்லாதவள். அந்த ஒரு மாட்டுப் பால் எதிரே உள்ள டீக்கடைக்குப் போனால்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கும்.

நான் மருந்துப் பெட்டியை இறக்கிக்கொண்டு போவதற்குள் பிள்ளைகள் முன்னால் ஓடிவிட்டார்கள். போய்ப் பார்த்தால் மாடு வேலிக்கு இந்தப் பக்கம், வெள்ளைக் கோட்டுகள் எல்லாம் அந்தப் பக்கம். மாடு கழுத்தை நீட்டி முக்குகிறது, வயிறு ஊதிக்கொண்டே வருகிறது. வகுப்பில் முதல் மார்க் வாங்குகிற பிரவீன், நின்ற இடத்திலிருந்தே போனில் ஜூம் பண்ணி மாட்டு வாயைப் பார்த்துவிட்டு, "ரேபிஸ் மேடம், கிளாசிக் கேஸ்" என்று மைக் இல்லாத குறையாக முழங்கினான்.

சந்தேகப்பட்டது தப்பே இல்லை. எச்சில் ஒழுகினால் ரேபிஸை நினைக்கத்தான் வேண்டும் என்று பாடம் எடுத்தவளே நான்தான். ஆனால் அந்தச் சத்தம் டீக்கடைக்குக் கேட்டுவிட்டது. கடைக்கார அண்ணாச்சி பால் பாத்திரத்தைத் தூக்கி அப்படியே சாக்கடையில் கவிழ்த்தார். அவ்வளவுதான், தெருவே திரண்டு வந்துவிட்டது. காலையில் டீ குடித்தவரெல்லாம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு என்னிடம் ஊசி கேட்கிறார்கள், நான் மாட்டு டாக்டர் என்பதைக்கூட யோசிக்காமல். பால் ஊற்றாத கடுங்காப்பி குடித்தவரும் வந்து நிற்கிறார்.

செல்வக்கனி அழவில்லை. "டாக்டரம்மா, மாடு செத்தாக்கூட எப்பாடு பட்டாவது இன்னொண்ணு புடிச்சிருவேன். எம் பாலைக் குடிச்சா வெறி புடிக்கும்னு பேராயிட்டுன்னா நான் எங்கன போவேன்?" என்றாள்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "ஏலே, கழுத்தத் தொட்டுப் பாத்தியா?" என்று பிரவீனைக் கேட்டேன். இல்லை என்றான். பிறகு எதை வைத்துச் சொன்னாய் என்றால், போனைக் காட்டுகிறான்.

நீளக் கிளவுஸை மாட்டிக்கொண்டு கழுத்தைத் தடவினேன். இடது பக்கம் உருண்டையாக ஒன்று தட்டுப்பட்டது. பனம்பழத்தைத் தின்றதோடு நிற்காமல் கொட்டையையும் முழுங்கியிருக்கிறது. அது உணவுக்குழலை அடைத்துக்கொண்டதில் எச்சில் உள்ளே இறங்கவில்லை, வயிற்றுக் காற்று வெளியே வரவில்லை. முதலில் இடது விலாவுக்குப் பின்னால் ட்ரோக்கார் என்கிற குழாய் ஊசியைக் குத்திக் காற்றை வெளியே விட்டேன். வாயை மூடாதபடி கட்டை கொடுத்து, கொட்டையை வெளியிலிருந்து மேலே தள்ளச் சொல்லிப் பிரவீனை இழுத்துவிட்டேன். பயந்து பயந்து தள்ளினான். நான் தொண்டைக்குள் கைவிட்டு எடுத்தேன். மாடு மிச்ச எச்சிலை என் தோளில் துடைத்துக்கொண்டது.

கொட்டையைத் தெருவுக்கே தூக்கிக் காட்டினேன். ஒருத்தர் வீடியோ எடுத்தார். எடுத்து முடித்துவிட்டு, கொட்டையும் இருந்திருக்கிறது, ரேபிஸும் இருந்திருக்கும் என்று தீர்ப்பும் அவரே சொன்னார். அண்ணாச்சி பாக்கெட் பாலுக்கு மாறிவிட்டார். "எனக்குத் தெரியும் டாக்டரம்மா, குடிக்கவனுக்குத் தெரியணும்லா" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

குத்திய இடம் சீழ் பிடிக்காமலிருக்க நான் மாட்டுக்குப் போட்ட ஊசி மருந்து பாலிலிருந்து இறங்கும்வரை பொறுத்தோம். பிறகு ஒரு காலையில் மொத்த வகுப்பையும் வெள்ளைக் கோட்டோடு அந்தக் கடைக்குக் கூட்டிப்போனேன். செல்வக்கனி எல்லோர் கண் முன்னாலும் கறந்தாள். அண்ணாச்சி காய்ச்சி டீ போட்டார். முதல் கிளாஸை நான் குடித்தேன், அடுத்தது பிரவீன், அவனுக்குப் பின்னால் மொத்த வகுப்பும். தெரு மொத்தமும் அவன் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாளும் வரச் சொன்னேன், வந்தான். அதற்கடுத்த நாள் நான் சொல்லாமலே பஸ் ஏறி வந்து குடித்துவிட்டுப் போனான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஊர் நம்பிய பிறகுதான் அண்ணாச்சி, "ஏளா, நாளைலேர்ந்து ரெண்டு நேரமும் கொண்டா" என்றார்.

படிப்பை முடித்துப் புதிதாக வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மாட்டைத் தொட்டுப் பார்த்த பிறகு வாயைத் திறவுங்கள், அதையும் மாட்டுக்காரிக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள். கொட்டையை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம்தான் ஆனது. அவன் கத்திய ஒரு வார்த்தையை ஊர் வாயிலிருந்து எடுக்க ஒரு வகுப்பே டீ குடிக்க வேண்டியிருந்தது.